கொழுப்பெடுத்த டாக்டர்

"மாடு வாங்கறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பாத்துட்டுத்தான் வாங்குவான். உங்க தங்கச்சி எதைப் பாத்து இந்த டாக்டரைப் புடிச்சாங்க?"

தேவமணி கேட்ட கேள்விக்கு, எதிரே உட்கார்ந்திருந்த ஜெசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"லைக்கைப் பாத்து மேடம்."

"எதை?"

"இன்ஸ்டாகிராம்ல லைக். இருபத்திரண்டாயிரம் பேர் போட்டிருக்காங்களாம்."

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜியைப் பேப்பருக்குள் வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்த பரமசிவம் நிமிர்ந்தார்.

"நாய் பைக்கைத் தொரத்துத வீடியோவுக்கு நாப்பதாயிரம் லைக் மேடம். அப்ப அந்த நாயிட்டயே ஆபரேஷன் பண்ணிக்கிடலாம்லா?"

ஜெசிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஓசூர் பாகலூர் சாலையில், ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இரண்டே அறைகள். அதுதான் தேவமணியின் துப்பறியும் நிறுவனம். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரணை செய்தவள். ஒடியாத காலுக்கு மாவுக்கட்டு, சாகாத மாமனாருக்கு மரணச் சான்றிதழ் என்று பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. பரமசிவம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபது வருஷம் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நின்று, சாப்பாட்டு கேரியருக்குள் ஒளித்த பேரிங்கை வாசனையிலேயே கண்டுபிடித்தவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். தேவமணி அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேடம் என்பார். சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் அம்மா.

ஜெசி சொன்ன கதை சின்னது. தங்கை ரூபிக்கு இருபத்தொன்பது வயது. பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்றபடி குவாலிட்டி பார்க்கிற வேலை. இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவம் சிசேரியன், ஒன்பது மாசம் ஆகிறது. வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. சொந்தக்காரர்கள் நிறைந்த கல்யாண வீட்டில் வைத்து அவள் கணவன் ராஜேஷ்குமார், "மூணாவதுக்கு எத்தனை மாசம்னு எல்லாரும் கேக்கறாங்க, என்னான்னு சொல்லட்டும்?" என்று சத்தமாகக் கேட்டான். அன்றைக்கு ராத்திரியிலிருந்து ரூபி டாக்டர் தேட ஆரம்பித்தாள்.

"அந்த ராஜேஷ்குமாருக்கு வயிறு எப்படி?" என்றாள் தேவமணி.

"அவருக்கும் இருக்குது மேடம். பெல்ட்டுக்கு மேல தொங்கும்."

"ஆம்பளைக்கு வந்தா அது அந்தஸ்து" என்ற பரமசிவம், தன் சட்டையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரத்தப் பரிசோதனை, ஈசிஜி ஏதாவது எடுக்கச் சொன்னாங்களா?"

"ஒண்ணும் வேணாம்னுட்டாங்களாம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்துல வாங்க, சாயங்காலம் பஸ்லயே போயிரலாம்னு சொன்னாங்களாம். குழந்தை இன்னும் பால் குடிக்குது மேடம். அதைக்கூடக் கேக்கலை."

தேவமணி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். வயிற்றில் ஓட்டை போட்டு, குழாய் விட்டு, கொழுப்பை உறிஞ்சி, அதை வடிகட்டி வேறோர் இடத்தில் ஊசியால் ஏற்றும் வேலை. அதை முடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகலாமாம்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீ ஒல்லியா இருக்கே, உனக்கென்ன தெரியும்னு என் வாயை அடைச்சுட்டா. இன்னிக்கு நாலு மணிக்கே அங்க போட்டோ எடுக்கப் போறா. ஒரு ஆதாரம் வேணும் மேடம். இன்னிக்கே வேணும்."

ஜெசி செல்போனை நீட்டினாள். பிரம்மா பாடி கிளினிக். டாக்டர் க்ரிஷ். அதில் இருபத்திரண்டாயிரம் லைக் வாங்கிய அந்தப் படம். ஒரே பெண், ஒரே ஜன்னல் ஓரம், கழுத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு போட்டோ. 'முன்' என்று எழுதியதில் வயிறு பள்ளமும் மேடுமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிசைந்து பாதியில் விட்ட மாவைப் போல இருந்தது. 'பின்' என்று எழுதியதில் லேசான சதைப்பிடிப்போடு அழகான இடுப்பு.

"ரூபி இந்த 'பின்'னைத்தான் போன்ல வால்பேப்பரா வெச்சிருக்கா" என்றாள் ஜெசி.

தேவமணி முதலில் சுகாதாரத் துறையில் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டாள். எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள், நாளை மத்தியானம் ஆள் வரும் என்றார் அவர். நாளை மத்தியானம் ரூபி எந்த நிலைமையில் இருப்பாள் என்று அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. புகாரை அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"கெளம்புங்க அண்ணாச்சி. நான் பேஷண்ட். நீங்க என் அண்ணன்."

"வியாதி யாருக்குன்னு கேட்டா?"

"டாக்டருக்குன்னு சொல்லுங்க."

ராயக்கோட்டை சாலையில் ஒரு டைல்ஸ் ஷோரூமுக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது பிரம்மா. லிப்ட் கிடையாது. குறுகலான படி.

"ஆபரேஷன் முடிஞ்சவங்களை இதுல எப்படி எறக்குவாங்க?" என்றாள் தேவமணி மூச்சு வாங்கியபடி.

"டைல்ஸோட சேத்து வைக்கோல் சுத்தி எறக்குவானா இருக்கும்."

வரவேற்பில் முப்பது வயசு மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு சைஸ் பெரிய மெரூன் சுடிதார். அதில் ரஞ்சிதா என்று பெயர்ப்பட்டை. அவள் இடது கையால் படிவத்தை நீட்டும்போது சுண்டுவிரல் மட்டும் கொக்கியைப் போல வளைந்து நின்றது. நிமிரவில்லை.

படிவத்தில் சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மாத்திரை என்று ஒரு கேள்வியும் இல்லை. பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே கட்டங்கள். வயிறு, தொடை, கை, முதுகு, தாடை.

"கறிக்கடைல தொங்குத பட்டியல் மாதிரில்லா இருக்கு" என்றார் பரமசிவம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உள்ளறைக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சுட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"பன்னி, பன்னி!" என்று கன்னடத்தில் வரவேற்றபடி கதவைத் திறந்தான் டாக்டர் க்ரிஷ். முப்பத்தெட்டு வயது இருக்கும். தலைமுடியில் ஜெல். வெள்ளைக் கோட்டில் தன் பெயரைத் தங்க நூலில் பூவேலை செய்து வைத்திருந்தான். அறை முழுக்க சென்ட் வாசனை. டெட்டால் வாசனை மருந்துக்கும் இல்லை.

"என்ன மேடம், வந்ததும் வராததுமா பன்னிங்கான்" என்று காதைக் கடித்தார் பரமசிவம்.

"வாங்கன்னு அர்த்தம் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவன் உங்க வயித்தப் பாத்துல்லா சொன்னான்."

க்ரிஷ் தேவமணியைச் சுற்றி ஒரு வலம் வந்தான். பழைய காரை விலை பேச வந்தவனின் நடை.

"ரொம்ப சிம்பிள் கேஸ் மேம். எட்டு லிட்டர். ஒரே சிட்டிங்."

ஐந்து லிட்டர் என்றாலே கவனமான டாக்டர்கள் ஒரே நாளில் கை வைக்கத் தயங்குவார்கள், ராத்திரி படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பது கிளெய்ம் கோப்புகள் தேவமணிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இவன் பால்காரன் மாதிரி லிட்டர் சொல்லுகிறான்.

"எடுக்கறதை வீணாக்க மாட்டோம் மேம். அதுலேர்ந்து கொஞ்சம் கன்னத்துக்கு, கொஞ்சம் பின்பக்கத்துக்கு. ஃபேட் டிரான்ஸ்ஃபர். உங்க பொருள் உங்களுக்கே."

"வெச்சது அப்படியே நிக்குமா?"

"நூத்துக்கு நூறு. லைஃப் டைம் கேரண்டி."

"எங்க வீட்டு மிக்ஸிக்கே ரெண்டு வருஷந்தான் குடுத்தான்" என்றார் பரமசிவம்.

இடம் மாற்றி வைத்த கொழுப்பில் ஒரு பங்கை உடம்பே கரைத்துவிடும். எத்தனை பங்கு நிற்கும் என்று கத்தி பிடித்த எந்த யோக்கியனும் சத்தியம் செய்ய மாட்டான். தேவமணி முகத்தை மாற்றிக்கொள்ளாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"மயக்க மருந்து குடுக்க யார் வருவாங்க டாக்டர்?"

"நானே பாத்துக்குவேன் மேம். நாம ஆல் ரவுண்டர்."

"நடுவுல ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க?"

"நெகட்டிவ்வா பேசக் கூடாது மேம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க பாடி கேட்டுக்கிட்டிருக்கு."

அவன் தலைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் பன்னிரண்டு சான்றிதழ்கள். பரமசிவம் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று நாள் பயிற்சி முகாம். இரண்டு நாள் கருத்தரங்கம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், கலந்துகொண்டமைக்காக.

"சாக்கு ஓட்டத்துல கடைசியா வந்ததுக்கு என் மவனுக்கும் இதத்தான் குடுத்தாவ."

க்ரிஷின் புன்னகை ஒரு நூல் சுருங்கியது. "நாம எம்.சிஎச் மேம். பிளாஸ்டிக் சர்ஜரி. கவுன்சில் நம்பர் வேணுமா? தாராளமா செக் பண்ணிக்குங்க." மேஜையிலிருந்த அட்டையைத் தள்ளினான்.

தேவமணி அங்கேயே போனில் எண்ணைத் தட்டினாள். மருத்துவப் பதிவேடு திறந்தது. கே. கிருஷ்ணன், பிளாஸ்டிக் சர்ஜன். எண் உண்மையானது. ஆளும் உண்மையானவர். பரமசிவத்தின் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆனது.

"அப்போ ஒரு 'பிஃபோர்' போட்டோ எடுத்துரலாமா?" க்ரிஷ் அவளை ஜன்னல் பக்கம் கைகாட்டினான்.

அந்த ஜன்னல். படத்தில் பார்த்த அதே ஜன்னல். கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏறிய மணி பிளாண்ட் கொடி இப்போது மேல் சட்டத்தைத் தாண்டிக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேவமணி அதையே பார்த்தபடி நின்றாள்.

"போட்டோ நாளைக்கு எடுத்துக்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படியில் பாதி இறங்கியதும் பரமசிவம் பொறுமையிழந்தார்.

"நம்பரு சரியா இருக்கே மேடம். என்ன செய்ய?"

"நம்பர் சரி. வருஷத்தைப் பாத்தீங்களா? பதிவு பண்ணது எண்பத்தொன்பதுல."

பரமசிவம் விரல் விட்டார். "அப்ப இவனுக்கு ரெண்டு வயசு. தொட்டில்ல கெடந்துக்கிட்டே எம்.சிஎச் முடிச்சிருக்கான். புத்திசாலிப் புள்ளதாம்."

"யாரோ ஒரு பெரியவரோட நம்பரைத் திருடி ஒட்டிக்கிட்டிருக்கான். ஆனா இதைச் சொன்னா ரூபி நம்ப மாட்டாங்க. வெப்சைட்ல தப்பா போட்டிருப்பாங்கன்னு அவன் சொல்லுவான். அவங்களுக்கு அது போதும். ஆசைப்பட்டவங்களுக்கு எதிர்ல ஆதாரம் கண்ணுக்குத் தெரியணும்." போனில் அந்த இரட்டைப் படத்தைப் பெரிதாக்கினாள். "இந்தக் கொடியைப் பாருங்க."

'பின்' படத்தில், ஜன்னல் கட்டையில் ஒரு பாட்டில் தண்ணீரில் நாலே நாலு இலை. 'முன்' படத்தில், அதே பாட்டிலிலிருந்து கொடி பாதி ஜன்னலுக்கு ஏறியிருந்தது.

பரமசிவம் படத்தைப் பார்த்தார். ஜன்னல் இருந்த மாடியை அண்ணாந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏ மேடம்… செடி சின்னதாயிட்டே போவாதுல்லா?"

"போகாது. அப்போ எந்தப் படம் முதல்ல எடுத்தது?"

"நல்லா இருக்கதுதாம் முதல்ல." பரமசிவத்தின் குரலில் கேலி வடிந்துவிட்டது. "இவன் கை வச்ச பெறகுதாம் அந்தப் புள்ள அப்படி ஆயிருக்கா. படுபாவி, படத்தை மாத்தி ஒட்டியிருக்கான்."

"நடுவுல செடியை வெட்டி விட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். அதனால அந்தப் பொண்ணே வேணும்."

"தலையில்லாத படத்த வச்சிக்கிட்டு ஓசூர் பூரா தேடவா?"

தேவமணி படத்தின் ஓரத்தை விரலால் விரித்தாள். தொடையோரம் தொங்கும் இடது கை. சுண்டுவிரல் கொக்கியைப் போல வளைந்து நின்றது.

"வேண்டாம் அண்ணாச்சி. கால் மணி நேரத்துக்கு முன்னால இந்த விரல்கிட்ட இருந்துதான் படிவம் வாங்கினேன்."

ஒன்றரை மணிக்கு ரஞ்சிதா பின்பக்கப் படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். கைப்பிடிச் சுவரின் மேல் டப்பாவை வைத்து, நின்றபடியே எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டாள். தேவமணி தனியாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. படத்தைக் காட்டினாள்.

ரஞ்சிதாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"விரல்."

"சின்ன வயசுல மாட்டு வண்டிச் சக்கரத்துல மாட்டினது." விரலை உள்ளங்கைக்குள் மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. "எங்க ஊரு காவேரிப்பட்டினத்துல யாருக்கும் தெரியாதுக்கா. கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லியிருக்கறேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பேச்சு ஒன்று தட்டிப்போனபோது வந்திருக்கிறாள். பையன் வீட்டார் பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள் என்றார்களாம். க்ரிஷ் ஒரு காலையில் வேலையை முடித்தான். மூன்றாம் நாள் காய்ச்சல். வயிற்றில் சீழ். எடுத்த கொழுப்பை ஏற்றிய இடமெல்லாம் கல் கல்லாகக் கட்டிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. கேட்டபோது, நானே சரிபண்ணித் தருகிறேன், அதுவரை இங்கேயே வேலை பார் என்றான். வெளியே வாய் திறந்தால் முகம் தெரிகிற படம் தன்னிடம் இருக்கிறது என்றும் சொன்னான்.

"அவன் டாக்டரே இல்லக்கா. பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரில தியேட்டர் அசிஸ்டென்ட்டா இருந்தவன். கல்லாவி ஊர்க்காரன். நெசப் பேரு சென்னகிருஷ்ணன்."

"இந்த 'பின்' படம்?"

ரஞ்சிதா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்தது. அசிங்கமா இருக்கறேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் போய் நின்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப வர்ற பொண்ணுங்க எல்லாம் இதை என்கிட்டயே காட்டி, இந்த மாதிரி வேணும்னு கேக்கறாங்க. நல்லாத்தான் இருந்திருக்கறேன், இல்லக்கா?"

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ மோசடிகளை அலட்சியமாகக் கடந்து வந்தவள் தேவமணி. இதை அப்படிக் கடக்க முடியவில்லை. ஒரு பெண்ணைக் கெடுத்தான், சரி. கெடுக்காத உடம்பைக் காட்டி மற்ற பெண்களையும் கூப்பிடுகிறானே, அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது?

"நாலு மணிக்கு ஒரு பொண்ணு வருவா. பால் குடிக்கிற குழந்தை இருக்கு. நீ பேசணும்."

"என் படத்தைப் போட்ருவான்க்கா."

"போட்ருவேன்னு அவன் வாயால நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். அதுதான் எனக்கு வேணும்" என்றாள் தேவமணி.

ரஞ்சிதா டப்பாவை மூடிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நாலு மணிக்கு, முதல் ஷிப்டு முடிந்த கையோடு, கம்பெனிச் சீருடையிலேயே ரூபி வந்தாள். பின்னாலேயே ஜெசி. ஜெசி போனில் சொல்லியிருந்த தேவமணி, போட்டோவுக்கு வந்தவளாக உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ரூபிக்கு எரிச்சல் ஏறிவிட்டது.

"டிடெக்டிவ் வெச்சுப் பாக்கற அளவுக்கு வந்துட்டியாக்கா? நம்பர் சரி, பேரும் சரி. நானும் செக் பண்ணேன். வருஷம் தப்பா ஏறிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"வருஷம் மட்டும்தான் தப்பு" என்று புன்னகைத்தான் க்ரிஷ். "ரூபி மேம், ஜன்னல்கிட்ட வாங்க. இவங்க நெகட்டிவ் எனர்ஜி."

அவன் கேமராவை எடுக்கத் திரும்பினான். அப்போது பரமசிவம் கதவோரத்திலிருந்து, சொந்த ஊர்ச் சந்தையில் ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"ஏய் சென்னகிருஷ்ணா!"

"ஆங்?" என்று திரும்பிவிட்டான்.

திரும்பிய கழுத்து அப்படியே நின்றது. வாயை மூடுவதற்குள் பரமசிவம், "கல்லாவில எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார்.

ரூபி அவனையும் பரமசிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு சென்னகிருஷ்ணன்?"

"அது… வீட்ல கூப்பிடற பேரு மேம்."

"வீட்ல டாக்டர்னு கூப்பிட மாட்டாங்களோ?" என்றாள் தேவமணி.

வெளியே வரவேற்பில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு ரஞ்சிதா உள்ளே வந்தாள். வாசல்படியில் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு நேராக ரூபியிடம் போனாள்.

"உங்க போன்ல இருக்கற படத்தைக் காட்டுங்க."

ரூபி ஒன்றும் புரியாமல் காட்டினாள். ரஞ்சிதா தன் இடது கையை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இது நான்தாங்க. வாங்க, இப்ப எப்படி இருக்கறேன்னு காட்டறேன்."

இருவரும் பச்சைத் திரைக்குப் பின்னால் போனார்கள். திரைக்கு உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. "ஐயோ ஆண்டவரே." அது ரூபியின் குரல்.

திரும்பி வந்த ரூபி ஜெசியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரஞ்சிதா!" என்று இரைந்தான் க்ரிஷ். தேன் தடவிய குரல் எங்கோ போய், கல்லாவியின் அசல் குரல் வந்துவிட்டது. "மூஞ்சி தெரியற படம் என்கிட்ட இருக்குதுன்னு மறந்துட்டயா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள காவேரிப்பட்டினம் பூரா அனுப்பிருவேன். ஒவ்வொரு போனுக்கும் அனுப்புவேன்!"

தேவமணி நிதானமாக ஜெசியைப் பார்த்தாள். ஜெசி கையிலிருந்த போனைத் தாழ்த்தினாள்.

"பதிவாயிருச்சு மேடம். முழுசா."

"நன்றி சென்னகிருஷ்ணன்" என்றாள் தேவமணி. "போலி டாக்டரைப் புடிக்க சுகாதாரத் துறை நாளைக்கு மத்தியானந்தான் வரும்னாங்க. பொம்பளை படத்தை ஊருக்கு அனுப்புவேன்னு மிரட்டினா போலீஸ் உடனே வரும். மகளிர் காவல் நிலையத்துல சொல்லிட்டுத்தான் மேல வந்தேன். கீழ டைல்ஸ் கடையில உக்காந்திருக்காங்க. நீங்க வாயைத் தொறக்கறதுக்குத்தான் காத்திருந்தோம்."

அவன் கதவைப் பார்த்தான். கதவில் பரமசிவம் இருந்தார். கதவைவிட அவர் அகலம்.

"போக முடியாது டாக்டர். எட்டு லிட்டர் எடுத்தாத்தாம் வழி கெடைக்கும்."

தேவமணி கீழே ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. தங்க நூல் பெயரோடு கோட்டைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தான் சென்னகிருஷ்ணன். பெண் சப்-இன்ஸ்பெக்டர் அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். படங்கள் இருந்த லேப்டாப்பும் போனும் அதோடு போயின. ரஞ்சிதா தன் பெயரைத் தானே எழுதி, புகாரில் கையெழுத்துப் போட்டாள். ரூபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சுகாதாரத் துறை ஆட்கள் சொன்னபடியே வந்து, பூட்டிக் கிடந்த கிளினிக்குக்கு இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே தேவமணிக்கு ஒரு போன் வந்தது. எண்ணைப் பறிகொடுத்த அசல் கே. கிருஷ்ணன். அறுபதைத் தாண்டியவர், பெங்களூரில் இருப்பவர். முதல் பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தார். பிறகு, "என் நம்பரை வெச்சுத்தானே அந்தப் பொண்ணைக் கெடுத்தான்? அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மூன்றாவது வாரம் போனார்கள். துணைக்கு ரூபியும் வந்தாள். பெரியவர் ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் எத்தனை நாள், என்ன மாத்திரை, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் வியாதி உண்டா. எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரூபி தயங்கித் தயங்கித் தன் விஷயத்தைக் கேட்டபோது, "குழந்தை பால் குடிக்குதா? அப்போ என் ரூமுக்குள்ளயே வராதே. ஒரு வருஷம் கழிச்சு, உனக்கே வேணும்னு தோணினா வா. வீட்டுக்காரருக்கு வேணும்னா அவரை வந்து படுக்கச் சொல்லு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார்.

"ஏ மேடம்" என்றார் பரமசிவம் மெதுவாக. "இவர எனக்குப் பிடிச்சிருக்கு."

கடைசியாகப் பெரியவர் ரஞ்சிதாவிடம் திரும்பினார். "பழைய மாதிரி ஆக்கித் தர என்னால முடியாதும்மா. கட்டியை எடுக்கலாம், உக்கார முடியும். வயித்துல மேடு பள்ளம் பாதி குறையும். மீதி இருக்கத்தான் செய்யும். அதுவும் ஒரே தடவையில் நடக்காது. ரெண்டு, இல்லாட்டி மூணு தடவை. வேற ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டி, விசாரிச்சுட்டு முடிவு பண்ணு."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது தேவமணி கேட்டாள். "வேற யார்கிட்டயாவது காட்டணுமா ரஞ்சிதா? நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"காட்டறேங்க்கா. அவர் சொன்னதுக்காகக் காட்டறேன்." ரஞ்சிதா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஆபரேஷன் இவர்கிட்டத்தான். இந்த ரெண்டு வருஷத்துல, 'முடியாது'ன்னு நெசத்தைச் சொன்ன மொத ஆளு இவர்தான்."